ராகம் போன தூரம் நடை போகவில்லை

மணிரத்னத்தின் 'ரோஜா' 1992இல் திரைக்கு வந்தபோது, நாயகியின் ஊராகக் கதை சொன்னது தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தை. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த அந்த ஊரின் கதைக்கு இசை உருவான இடமோ சென்னை கோடம்பாக்கத்தில், தன் வீட்டை ஒட்டி ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்திருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடம். அப்போது அவருக்கு வயது 25. சிந்தசைசரும் சீக்வென்சரும் அங்கே முக்கியமான வேலையைச் செய்தன. அந்தக் கேசட் டீக்கடைகளிலும் டவுன் பஸ்களிலும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இயந்திரம் கோத்த தாளத்தை யாரும் அந்நியமாக நினைக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள்.

இயந்திரத் தாளம் தமிழ் வீடுகளுக்குள் வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தமிழ்த் தாளம் இயந்திர இசைக்குள் போனதா? சினிமாவை விட்டுவிட்டு, பாட்டுக்கும் கதைக்கும் துணைபோகாமல் தானே நிற்கும் மெதுநடை மின்னிசையில், அதாவது டவுன்டெம்போ, நியூ ஜாஸ் என்று உலகம் அழைக்கும் ஆல்பங்களில், நம்முடைய இசைக்கு என்ன இடம் கிடைத்தது? ராகத்துக்குத் தாராளமாகக் கிடைத்தது. நடைக்குக் கிடைத்தது மிகக் குறைவு. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இந்த இழப்பின் அளவு நன்றாகத் தெரியும். தமிழின் மிகச் சிறந்த நடைகளில் சில இந்த மலையடிவாரத்தில் பிறந்தவை.

இந்த இசையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1970களின் கடைசியில் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற நடனக் கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற பெயர் வந்தது என்பார்கள். நிமிடத்துக்கு 120 தட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒவ்வொரு தட்டிலும் அடிமேளம் விழும். ஆடுகிறவர்களுக்கான இசை அது. விடிய விடிய ஆடிக் களைத்தவர்கள் உட்கார்ந்து கேட்கவும் ஓர் இசை தேவைப்பட்டது. பிரிஸ்டல் நகரத்து மாஸிவ் அட்டாக் 1991இல் 'புளூ லைன்ஸ்' ஆல்பத்தில் அந்த வேகத்தை வெகுவாகக் குறைத்தது. வியன்னாவின் க்ரூடர், டார்ஃப்மைஸ்டர் இருவரும் அதே வழியில் போனார்கள்.

குற்றாலம் பேரருவியின் நீர் உச்சியிலிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் முறிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் மனிதர்கள் அடியில் நின்று குளிக்க முடிகிறது. ஹவுஸுக்கும் டவுன்டெம்போவுக்கும் உள்ள உறவும் இதுதான். நீர் ஒன்றே, விழும் வேகம் வேறு.

இதில் ஜாஸ் வந்து சேர்ந்தபோது நியூ ஜாஸ் பிறந்தது. நார்வேயின் ட்ரம்பெட் கலைஞர் நில்ஸ் பீட்டர் மோல்வர் 1997இல் வெளியிட்ட 'க்மேர்', பிரான்ஸின் லூடோவிக் நவார் 'செயின்ட் ஜெர்மெய்ன்' என்ற பெயரில் 2000இல் வெளியிட்ட 'டூரிஸ்ட்' ஆகிய இரண்டும் அந்த வகைக்கு முகவரி தந்த ஆல்பங்கள். நவாரின் செய்முறை எளிமையானது. பழைய புளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து ஒரு குரலையோ ஒரு தாளத் துண்டையோ வெட்டி எடுப்பார். அதை ஹவுஸ் தாளத்தின் மீது சுற்றவிடுவார். அதற்கு மேலே சாக்ஸபோன், ட்ரம்பெட், கீபோர்டு கலைஞர்களை நேரில் வாசிக்க வைப்பார். ஜான் லீ ஹூக்கரின் குரல் இப்படித்தான் பாரிஸ் காபிக் கடைகளுக்கு வந்தது. 2015இல் தன் அடுத்த ஆல்பத்துக்கு அவர் மாலி நாட்டுக் கலைஞர்களைத் தேடிப் போனார். தன்னிடம் உள்ள இயந்திரத் தாளத்துக்கு இன்னொரு மண்ணின் அசைவு வேண்டும் என்று ஒரு ஹவுஸ் கலைஞருக்குத் தோன்றியிருக்கிறது. நம் கேள்விக்கு இது முக்கியம்.

மெதுவாக வாசிப்பதைத் தமிழர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கோயில் வீதியுலாவில் நாகசுரம் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும். 'ரக்தி' என்ற உருப்படி நாகசுரத்துக்கே உரியது. அதில் சாகித்தியம் கிடையாது. ஏழெண்ணிக்கைச் சுழற்சியில் ஒரு சிறிய சொற்கட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். திரும்ப வருவதையே கட்டடமாகக் கொண்ட இசை என்ற வகையில் ரக்திக்கும் டவுன்டெம்போவுக்கும் உள்ள உறவு, கீர்த்தனைக்கும் டவுன்டெம்போவுக்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் பாதையில்தான் காருகுறிச்சி இருக்கிறது. அந்த ஊரின் அருணாசலம் (1921–1964), டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்ததால் ஊரெங்கும் தெரிந்தவர். ஆனால் அவருடைய மேதைமையைக் காண அவருடைய ராக ஆலாபனைகளைக் கேட்க வேண்டும். அவசரமே இல்லாத மூச்சு. ஒரு சுரத்தில் நின்று அதன் நிறம் மாறும்வரை காத்திருக்கும் பொறுமை.

இப்படிப்பட்ட சொத்து இருந்தும் மின்னிசையோடு கலந்த முயற்சிகள் எந்த வழியில் போயின?

1982இல் மும்பையின் திரைப்பட வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டைப் பதிவுசெய்தார். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம், ஜுபிட்டர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றும் மட்டுமே அவருடைய வாத்தியங்கள். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான், சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஒருவர் அதே ஒலியை எட்டியிருக்கிறார் என்று உலகம் வியந்தது. வியப்பு நியாயமானது. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் ஒன்று தெரியும். மேலே மேக் மல்ஹார் போன்ற ராகங்கள் அலைகின்றன, கீழே அதே நான்கு தட்டு டிஸ்கோ. ராகம் பத்து, தாளம் ஒன்று.

தமிழ்நாட்டில் 1986 ஒரு திருப்பம். இளையராஜா 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை வெளியிட்டார். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய அந்த இசையில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்கிறது. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. இரண்டும் மின்னிசை ஆல்பங்கள் ஆகா. இருந்தும் இந்த வரலாற்றில் அவற்றுக்கு இடம் தர வேண்டும். பாடல் வரி இல்லாமல், திரைக்காட்சி இல்லாமல், ஒரு தமிழ் இசையமைப்பாளர் பெருந்திரள் ரசிகர்களிடம் வாத்திய ஆல்பத்தைக் கொண்டுபோனது அப்போதுதான். நாற்பது ஆண்டாக அவை கேட்கப்படுகின்றன. அந்தக் கதவு திறந்த பிறகும் அதன் வழியே பெரிய கூட்டம் வராமல் போனதற்குக் காரணம் ரசனைக் குறைவு இல்லை. தமிழ்நாட்டில் இசைத்தொழிலின் பணமும் ஒலிபரப்பும் சினிமாவிடம் இருந்தன. தனி ஆல்பத்துக்குக் கூடமும் இல்லை, கடையில் அலமாரியும் இல்லை.

கர்நாடக இசையும் மெதுநடை மின்னொலியும் உண்மையிலேயே ஒரே ஆல்பத்தில் சேர்ந்தது 1995இல். சென்னையில் வாழ்ந்த மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ், கனடாவின் கிதார் கலைஞரும் தயாரிப்பாளருமான மைக்கேல் புரூக்கோடு சேர்ந்து 'ட்ரீம்' ஆல்பத்தைச் செய்தார். வெளியிட்டது பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம். நுஸ்ரத் ஃபதே அலி கானின் 'மஸ்த் மஸ்த்'தைத் தயாரித்தவரும் இதே புரூக்தான். நீண்ட துண்டுகள், கரைந்து பரவும் கிதார் ஒலி, அதன் மேலே பொறிபோலத் தெறிக்கும் மாண்டலின். ஸ்ரீநிவாஸ் 2014இல் 45 வயதில் மறைந்துவிட்டார். அவருடைய கச்சேரிப் பதிவுகளுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த ஆல்பத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. அதன் அழகில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்ரீநிவாஸின் வாசிப்பில் ராகத்துக்கு இணையாக மின்னியது அவருடைய கணக்கு. அவர் போடும் கோர்வைகளுக்கு மிருதங்கக்காரர்களே சிரித்துத் தலையசைப்பார்கள். அந்தப் பாதி ஸ்ரீநிவாஸ் இந்த ஆல்பத்தில் சற்றே அடங்கியிருக்கிறார்.

லண்டனில் அதே காலத்தில் தல்வின் சிங், நிதின் சாஹ்னி போன்றவர்கள் 'ஏஷியன் அண்டர்கிரவுண்ட்' என்ற அலையை எழுப்பினார்கள். தல்வின் சிங்கின் 'ஓகே' 1999இல் மெர்க்குரி பரிசு பெற்றது. அங்கே தபலா முன்வரிசைக்கு வந்தது. தவில் வரவில்லை. தஞ்சாவூர்ப் பூர்விகம் கொண்ட தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன், 2001இல் 'சால்ட் ரெய்ன்' ஆல்பத்தில் தியாகராஜர் கீர்த்தனை உட்படச் சில உருப்படிகளை கிதாரும் மெதுவான தாளமும் சூழப் பாடினார். அதுவும் மெர்க்குரி பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அவருடைய பெரிய தாவல் பத்து ஆண்டுக்குப் பிறகு வந்தது. தமிழ்நாட்டுக்கு வந்து கோவை கமலாவிடம் முருகன் பாடல்களைக் கேட்டுக் கற்று, 2011இல் 'வேல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சபா மேடையிலிருந்து தைப்பூசப் பந்தலுக்கு அவர் இறங்கி வந்தபோது இசைக்கு உடம்பு வந்தது. முன்பு குரல் மட்டும் தமிழாக இருந்தது. இப்போது காலும் தமிழாயிற்று.

இந்தக் 'கால்' விஷயத்தைத் தென்காசியில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இன்றைய தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம் இருக்கிறது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். அவரை ஆதரித்த ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஊற்றுமலையும் இதே மாவட்டத்தில்தான். கழுகுமலை முருகனுக்குக் காவடி சுமந்து நடக்கிறவர்களின் கால் போடும் தாளத்தை ரெட்டியார் எழுத்தில் பிடித்தார். தோளில் பாரம், கண்ணெதிரே மலை, கூட்டத்தோடு நடை. மனிதர் சாதாரணமாக நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு அடி வைக்கிறார். அதுவேதான் டவுன்டெம்போவின் வேகமும். வித்தியாசம், அந்த ஒரு அடிக்குள் என்ன நடக்கிறது என்பதில். மேற்கத்திய மின்னிசை ஓர் அடியை நான்காகப் பிரிக்கிறது. சிந்தின் திசிர நடை மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றாகப் பிரிந்த அடியில் ஓர் ஊசலாட்டம் வந்துவிடும். காவடியின் ஆட்டமே அந்த ஊசலாட்டம்தான்.

குற்றாலக் குறவஞ்சியும் இதற்குச் சாட்சி. தென்காசியை ஒட்டிய மேலகரத்தின் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது. மதுரை நாயக்கர் அரசு பரிசாகக் கொடுத்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது. அதில் வசந்தவல்லி பந்தாடும் பகுதியைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அர்த்தம் மறந்திருக்கலாம், துள்ளல் மறந்திருக்காது. பந்து எழும்புவதும் விழுவதும் சந்தத்திலேயே கேட்கும். ருக்மிணி தேவி 1944இல் இதைக் கலாக்ஷேத்திராவின் முதல் நாட்டிய நாடகங்களில் ஒன்றாக்கியதற்கு இந்தச் சந்தமும் ஒரு காரணமாகத்தான் இருக்க வேண்டும். குற்றாலத்தில் கடைசிவரை வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கவிதையை வாய்விட்டுப் படிக்க வேண்டும், காதால் வாங்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னவர். தாளத்தைத் தொலைத்துவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வதை அவர் கவிதையைக் கொல்வதாகவே பார்த்தார். மின்னிசைக் கலவைகளில் நடந்துகொண்டிருப்பதும் ஏறத்தாழ அதேதான்.

இதற்கு இயந்திரத்தின் மீது பழி போடுவதும் வழக்கம். அது சரியில்லை. டிஆர்-808இன் முகப்பில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தட்டின் கால்பகுதி. நான்கு நான்காகப் பொத்தானை அழுத்தினால் டிஸ்கோவும் ஹவுஸும் தானாக வந்து நிற்கும். ஆனால் மூன்றின் கூறுகளாகப் பிரிக்கும் விசையும் அதே பெட்டியில் இருக்கிறது. அதைத் திருப்பினால் 16 படிகள் 12 ஆகும். காவடிச்சிந்து அதில் இடித்துக்கொள்ளாமல் உட்காரும். படிகளை வேறு எண்ணிக்கையில் முடித்துக்கொண்டால் ஐந்தும் ஏழும்கூட வரும். 1980இல் வந்த பெட்டிக்கே இது முடிந்தது. இன்றைய மடிக்கணினி மென்பொருளுக்கு இது ஒரு வேலையே கிடையாது. பெட்டி தடுக்கவில்லை. நான்கை விட்டு வெளியே வர வேண்டும் என்று கேட்டவர்கள்தான் குறைவு.

எண்ணிக்கைக்கு அப்பாலும் ஒரு சங்கதி இருக்கிறது. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி, காயவைத்து இறுக்கிய கூடு. வலந்தலையில் அது கல் தெறிப்பதுபோல ஒலிக்கும். இடது கையில் பூவரசங்கழி. தொப்பியில் அது விழும்போது வயிற்றில் கேட்கும். இரண்டு கைக்கும் நடுவே ஒரு மயிரிழை நேர வித்தியாசம் உண்டு. திருவிழாக் கூட்டம் நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் கூடும், குறையும். தென்மாவட்டங்களின் நையாண்டி மேளத்தில், பம்பையும் தவிலும் சேர்ந்து கரகாட்டக்காரரின் காலைப் பார்த்தே அடிக்கும்போது இதை நேரில் காணலாம். அடுத்த அடி எப்போது விழும் என்பதை ஆடுகிறவரின் முழங்கால் தீர்மானிக்கிறது. இந்த இழுப்பை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது?

இந்தக் கேள்வியை அறிவியலாகவே எடுத்துக்கொண்ட தமிழ்ப் பின்னணிக் கலைஞர் ஒருவர் உண்டு. விஜய் ஐயர், 1971இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து வயலின் கற்றார். பியானோவைப் பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து, பெர்க்லியில் 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு, தாளத்தை உடம்பு எப்படி உணர்கிறது என்பதைப் பற்றியது. ஆப்பிரிக்க அமெரிக்க இசையில் ஒரு தட்டு சில மில்லி வினாடி தள்ளி விழும்போது கேட்பவருக்குள் என்ன நடக்கிறது என்று அதில் அலசினார். தவில்காரரின் மயிரிழை வித்தியாசத்தைப் பற்றிய படிப்பு என்றே அதைச் சொல்லலாம். 2013இல் மெக்ஆர்தர் நல்கை, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி என்று பெருமைகள் பின்னால் வந்தன. அவை இருக்கட்டும்.

அவர் செய்ததில் தமிழ் வாசகருக்கு முதன்மையானது, இயந்திர இசையைக் கையால் வாசிக்கப் புறப்பட்டதுதான். ஸ்டீஃபன் க்ரம்ப்பின் பேஸ், மார்கஸ் கில்மோரின் டிரம்ஸ், தன் பியானோ. இந்த மூவர் குழு 2012இல் வெளியிட்ட 'அக்செலராண்டோ' ஆல்பத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் மின்னிசைக் கலைஞர் ஃப்ளையிங் லோட்டஸின் ஒரு துண்டை எடுத்து வாசித்தார்கள். 2015இல் வந்த 'பிரேக் ஸ்டஃப்' ஆல்பத்தில் 'ஹூட்' என்று ஓர் உருப்படி. டெட்ராய்ட் டெக்னோவின் முன்னோடி ராபர்ட் ஹூடுக்குக் காணிக்கை. மின்கருவி எதுவும் இல்லை. சின்னச் சின்னச் சொற்கட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று ஓர் இம்மி நகர்கிறது. எந்த இடத்தில் நகர்ந்தது என்று பிடிக்க முடியாமல் கேட்பவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே முழுக் கட்டடமும் வேறொன்றாகியிருக்கும். இதை ஒரு ஜாஸ் விமர்சகர் எந்தக் கணக்கில் வைப்பாரோ, நாகசுரத்தோடு வளர்ந்த காதுக்கு இது ரக்தியின் தூரத்து உறவாகவே படும்.

ஐயரின் இசையில் ராகத்தைத் தேடுகிறவருக்கு ஏமாற்றம் கிடைக்கலாம். சில இடங்களில் சாயல் வரும். ராணிப்பேட்டையில் பிறந்த கிதார் கலைஞர் பிரசன்னா, தபலாவில் நிதின் மிட்டா ஆகியோரோடு 2011இல் செய்த 'தீர்த்தா'வில் அது வெளிப்படையாகவே உண்டு. ஆனால் அவர் கர்நாடக மரபிலிருந்து அள்ளியது கணக்கை. ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்றை வைப்பது, நடை மாற்றுவது, முடிவை எண்ணிக் கட்டுவது. மற்றவர்கள் மேல்பூச்சை எடுத்துக்கொண்ட இடத்தில் அவர் அடித்தளத்தை எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் 2023 மார்ச்சில் ஒரு மெதுநடை ஆல்பத்தோடு வந்தார். 'லவ் இன் எக்ஸைல்'. பாகிஸ்தானிய அமெரிக்கப் பாடகி அரூஜ் அஃப்தாப், பேஸும் மூக் சிந்தசைசரும் வாசிக்கும் ஷஹ்சாத் இஸ்மாயிலி, பியானோவும் மின்னொலியுமாக ஐயர். 2018இல் நியூயார்க்கில் ஒரு மேடையில் மூவரும் முன்னேற்பாடு அதிகமில்லாமல் சேர்ந்து வாசித்ததன் தொடர்ச்சி இது. பத்து நிமிடத்தைத் தாண்டும் துண்டுகள், உருதுச் சொற்கள், டிரம்ஸே கிடையாது. கிராமி விருதின் மாற்று ஜாஸ் பிரிவில் பரிந்துரையும் பெற்றது. தாளத்துக்காகவே பேர் பெற்ற ஒருவர் தாள வாத்தியமே இல்லாத ஆல்பத்தில் என்ன செய்வார்? இடக்கையால் ஒரு சிறிய சுழற்சியை வைத்துக்கொள்கிறார். அஃப்தாபின் குரல் எங்கே இறங்கும் என்று காத்திருக்கிறார். அவர் தாமதித்தால் இவரும் தாமதிக்கிறார். கரகாட்டக்காரரின் முழங்காலைப் பார்க்கும் பம்பைக்காரரின் கவனம் அந்தப் பியானோவில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பேசப்பட்ட மெதுநடை ஆல்பங்களில் மிக உயர்ந்தது இதுவே. ஆனாலும் அது தமிழ் நடையின் ஆல்பம் ஆகாது. அதன் மண் வேறு. ஒரு தமிழ்ப் பின்னணிக் கலைஞரின் கால உணர்வு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது சான்று, அவ்வளவே.

இன்னொரு பக்கம் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், 2007இல் வெளிவந்த 'காலா' ஆல்பத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து உறுமிக்காரர்களைப் பதிவுசெய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாட்டுகளில் உறுமியின் அந்த உராய்வொலி உலகமெங்கும் போயிற்று. ராகம் எதுவும் போகவில்லை, தோல் மட்டும் போயிற்று. அது வேகமான இசை, மெதுநடை இல்லை. இருந்தாலும் கேட்பவர்கள் தமிழ்த் தாளத்தை ஏற்க மாட்டார்கள் என்ற சாக்குக்கு அந்த ஆல்பத்தோடு வேலை முடிந்தது. 2021இல் தீ, அறிவு குரல்களில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யும் அதையே இன்னொரு முறை காட்டியது. ஒப்பாரியின் தழுதழுப்பும் மின்னிசையின் அடியும் ஒன்றாக நிற்க முடிந்தது. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள்.

ஆக, வேகமான பாட்டில் தமிழ்த் தோல் இருக்கிறது, மெதுவான ஆல்பத்தில் தமிழ் ராகம் இருக்கிறது. மெதுநடையும் தமிழ்த் தாளமும் சந்திக்கும் இடம்தான் காலியாகக் கிடக்கிறது. நாகசுரத்தை ஜாஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு வெளிநாட்டவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றியது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1970களில் தென்னிந்தியாவில் தங்கி நாகசுரம் கற்றார், தன் ஆல்பங்களில் வாசித்தார். தவில் கற்றுக்கொண்டு போய் ஒரு தாள இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று சொல்ல அதே அளவுக்குப் பெயர் பெற்ற ஒருவர் இல்லை.

தென்காசி வட்டாரத்தில் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். கோயில் கொடையும் காவடியும் உள்ளவரை நையாண்டி மேளக் குழுக்கள் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தில் கேட்பவர்களுக்கும் பஞ்சமில்லை. அரசு நடத்தும் சாரல் விழா மேடையில் கிராமியக் கலைகளுக்கு இடமும் உண்டு. மேடை நேரம் முடிந்ததும் அவர்கள் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அந்த வாசிப்பை நல்ல ஒலிவாங்கி வைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிவுசெய்து, ஒரு மின்னிசைக் கலைஞர் அவர்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தால் என்ன வரும் என்பது இன்னும் கேட்கப்படாத ஒலி.

அதற்குப் பதிலாகப் பெருகிக்கொண்டிருப்பது சாம்பிள் தொகுப்புகள். தவிலின் ஒரு சுற்றையோ உறுமியின் ஓர் இழுப்பையோ வெட்டி, லூப்பாக்கி, பெயரில்லாமல் மென்பொருளுக்குள் வைத்துவிடுகிறார்கள். இரண்டு வகையில் இது இழப்பு. ஒன்று, இசை சார்ந்தது. தவிலின் உயிர் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. ஒரே சுற்றை நூறு முறை ஒட்டினால் கிடைப்பது தவிலின் ஓசை மட்டும். மற்றது, அடித்தவரின் பெயரும் கூலியும். உலக மின்னிசையின் மிகப் பெரிய அநீதி இந்த வகையில்தான் நடந்தது. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறேழு வினாடி டிரம்ஸ், ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமாயிற்று. அதற்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2006இல் அவர் வறுமையில் இறந்தார்.

இந்தியச் சட்டம் இதில் கலைஞரின் பக்கம் நிற்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், வாத்தியம் வாசித்தவருக்கும் தன் வாசிப்பின் மீது உரிமை உண்டு என்கிறது. 38அ பிரிவின்படி அந்த வாசிப்பு வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கு உரிமத்தொகையில் பங்கு உண்டு. அடுத்த பிரிவு, வாசித்தவர் இன்னார் என்று தன் பெயரைச் சொல்லக் கேட்கும் உரிமையைத் தருகிறது. வாசித்த ஆண்டுக்கு அடுத்து வரும் 50 ஆண்டுகள் இந்தக் கலைஞர் உரிமை நிலைக்கும். எனவே தென்காசியிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு தவில் குழுவைப் பதிவுசெய்யப் போகிறவர் ஒலிவாங்கியோடு ஓர் ஒப்பந்தத் தாளையும் கொண்டுபோக வேண்டும். குழுவினர் ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், பங்கு எவ்வளவு என்பது தமிழில் எழுதியிருக்க வேண்டும். பதிவுக்கு முன்பே அது அவர்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.